பதினெட்டு ஆகும் முன் வீட்டை விட்டு வெளியேற நினைக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

என் அப்பா குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் யாரிடம் வாய் திறந்தாலும் முதலில் வந்த கேள்வி அதுதான். "அப்பா குடிப்பாரா?" இல்லை என்றதும் கேட்பவர்களின் முகம் மாறிவிடும். பிறகு என்ன பிரச்சினை, பெண் பிள்ளையைக் கண்டித்து வளர்க்கிறார், அவ்வளவுதானே என்பார்கள். எங்கள் தெருவில் அப்பாவுக்கு நல்ல பெயர். கோவில் கணக்கு அவரிடம்தான் இருந்தது. வீட்டுக்குள் கதவு சாத்தியபின் பெல்ட், மின்சார ஒயர், கையில் எது அகப்படுகிறதோ அது. மதிப்பெண் குறைந்தால், மாடியில் துணி எடுக்கப் போய் ஐந்து நிமிடம் அதிகமானால், அம்மா ஏதாவது எதிர்த்துப் பேசினால். அம்மா எனக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "பரீட்சை முடியட்டும், அதுவரை பொறுத்துக்கோ." எந்தப் பரீட்சை என்று அவர் சொன்னதில்லை. ஊர் பெயர் எதுவும் இதில் எழுதப்போவதில்லை. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் யாரிடம், எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழு வழியாக வந்தவள் நான். அப்படி வருகிற பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு எனக்கு உதவியிருக்கிறது, வீட்டில் இன்னும் இருக்கும் என் தம்பிக்கும் தேவைப்படுகிறது.

2022 ஆகஸ்டில் நான் பன்னிரண்டாம் வகுப்பு. வயது பதினாறு முடிந்து ஒன்பது மாதம். ஒரு ராத்திரி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு "பெற்றோரிடமிருந்து சட்டப்படி பிரிவது எப்படி" என்று தேடினேன். அப்போதுதான் எமான்சிபேஷன் என்ற சொல்லைப் பார்த்தேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பதினெட்டு ஆகாத ஒருவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுபட்டு, சட்டத்தின் கண்ணில் பெரியவராகிவிடலாம். கலிபோர்னியாவில் பதினான்கு வயதிலேயே மனுப் போடலாம். பெற்றோரை விட்டுத் தனியாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும், நேர்மையான வழியில் சம்பாதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், நீதிபதிக்கும் அது சரி என்று படவேண்டும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறதா, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்துவிடுமா என்று சந்தோஷத்தில் அழுதேன். அங்கே அது எவ்வளவு கஷ்டம் என்பதோ, இந்தியாவில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதோ அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

இங்கே அப்படி ஒன்று கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பணமும் மாதங்களும் செலவானது, உங்களுக்கு ஆக வேண்டாம். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி பதினெட்டு முடிந்தால்தான் நாம் மேஜர். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட நம்மை மேஜர் ஆக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை. நீதிமன்றத்தால் முடிவது, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி அப்பாவுக்குப் பதில் வேறு ஒருவரைக் காப்பாளராக நியமிப்பது. அப்போது விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வேறொரு பெரியவர் முன்வந்து மனுப் போட வேண்டும், வழக்கு எத்தனை மாதம் இழுக்கும் என்றும் சொல்ல முடியாது. நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தக் கதவின் பெயர் குழந்தைகள் நலக் குழு. நான் அதைக் கண்டுபிடித்தது ஐந்து மாதம் கழித்து.

அதற்கு முன்னால் நான் போனது நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு டைப்பிங் கடைக்கு. பள்ளிக்கூட யூனிஃபார்மோடுதான் போனேன். அங்கிருந்தவரிடம், அப்பா அம்மாவிடமிருந்து பிரிந்து வாழச் சட்டப்படி பத்திரம் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டுடலாம் பாப்பா, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். பாட்டி எனக்குப் போட்ட அரைப் பவுன் தோட்டை என் தோழியின் அக்கா தன் பெயரில் அடகு வைத்துப் பன்னிரண்டாயிரம் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பத்திரம் தயார். இருபது ரூபாய் முத்திரைத்தாள், அதன்மேல் நோட்டரியின் வட்டச் சீல், ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு ஒட்டு. "நான் சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் என் பெற்றோரிடமிருந்து தனித்து வாழ முடிவு செய்துள்ளேன்" என்று தொடங்கியது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. இந்தியாவில் பதினெட்டு ஆகாத ஒருவர் போடும் ஒப்பந்தமே செல்லாது. 1903-லேயே மோகோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்ன விஷயம் அது. நோட்டரி சீல் என்பது கையெழுத்துப் போட்டது யார் என்பதற்குச் சாட்சி, அதில் எழுதியிருப்பதற்கு உயிர் கொடுக்கும் சக்தி அதற்கு இல்லை. இன்றும் யாராவது பத்திரம் போட்டால் தனியாக இருக்கலாம் என்றால் தயவுசெய்து நம்பாதீர்கள். பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், ஏனென்றால் நமக்கு உதவக் கடமைப்பட்ட எந்த இடமும் நம்மிடம் ஒரு பைசா வாங்காது.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பத்திரத்தையும் இரண்டு செட் துணியையும் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினேன். பெண்கள் விடுதி ஒன்றில் மூவாயிரம் அட்வான்ஸ் கட்டினேன். மூன்றாம் நாள் ஆதார் நகலில் பிறந்த தேதியைப் பார்த்த வார்டன், கார்டியன் கையெழுத்து இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது என்றார். பத்திரத்தைக் காட்டினேன், அவர் கையில் வாங்கவே இல்லை. அட்வான்ஸும் திரும்ப வரவில்லை. அங்கிருந்து சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தார், முழங்கைக்கு மேலே தழும்பு இருந்தது. சாப்பாடு போட்டு, எண்ணெய் தடவித் தலை பின்னிவிட்டு, இங்கேயே இரு என்றார். சித்தப்பாதான் நிலைகொள்ளாமல் திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் பயந்தது மாதிரியே நடந்தது. அப்பா புகார் கொடுத்திருந்தார். மறுநாள் காவல் நிலையத்தில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, மைனர் பெண்ணைக் கூட்டிவந்து வைத்திருக்கிறீர்களே, கடத்தல் கேஸ் ஆகும் தெரியுமா என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். என் பத்திரத்தைப் படித்த எஸ்.ஐ. அதை மடித்து என்னிடமே கொடுத்து, "இது வெறும் பேப்பர்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் எனக்குக் கால் தரையில் இருப்பதே தெரியவில்லை. இனி அடிக்கமாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு என்னை அவரோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதையில் தவறாகப் போன எல்லாமே அந்த அறையில்தான் நடந்தது. வீட்டில் அடிக்கிறார்கள், போகமாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் காவல் துறை அதை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். யாரோடு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியது அந்தக் குழு, காவல் நிலையம் அல்ல. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், பிள்ளைகளிடம் பேசுகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "என்னைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜர்படுத்துங்கள்." மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அழுகை வந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் பயத்துக்கும் நியாயம் உண்டு. மைனரைக் காப்பாளரின் பொறுப்பிலிருந்து அழைத்துப் போவதும் ஆசைகாட்டிக் கூட்டிப்போவதும் குற்றம். அன்று இந்தியத் தண்டனைச் சட்டம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா. தானாகவே வீட்டை விட்டு வந்த ஒரு பெண்ணைத் தன்னோடு இருக்க விட்டது "அழைத்துச் சென்றது" ஆகாது என்று வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதுவும் நம்ம சென்னை வழக்குதான். ஆனால் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா மாதிரி ஒரு லாரி டிரைவருக்கு அந்தத் தீர்ப்பு என்ன ஆறுதல் தரும்? நம்மை ஏற்றுக்கொள்ளும் பெரியவரைக் காப்பாற்ற எளிய வழி, நாம் போய்ச் சேர்ந்த அன்றே அவர் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிடுவது. நாங்கள் ஒளித்து வைத்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது, அதுதான் தப்பு.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறவில் ஒருவர் அந்தச் சமயத்தில் அம்மாவிடம், பேசாமல் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக் கொடுத்துவிடு, அப்பன் கைவிட்டுப் போய்விடும் என்றார். பழகும் பையனோடு போய்விடலாம் என்று என் வகுப்பில் ஒருத்தி யோசனை சொன்னாள். இரண்டும் நெருப்பு. பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தப் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழே நம் சம்மதம் போக்சோ சட்டத்தில் சம்மதமே இல்லை, அவன் சிறைக்குப் போவான், நாம் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். வெளியேறுவது என்றால் தனியாக, பகலில், பெரியவர்கள் இருக்கும் அரசு இடத்துக்கு.

வீட்டுக்குத் திரும்பியபின் நான்கு மாதம். அதை விவரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. செல்போன் உடைந்தது, அதோடு நான் எடுத்து வைத்திருந்த காயங்களின் படங்களும் போயின. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பிக்கு அப்போது பத்து வயது. ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "நீ மறுபடியும் போயிடுவியாக்கா?" என்று கேட்பான். போகமாட்டேன் என்று பொய் சொன்னேன்.

டிசம்பரில் ஒருநாள் உதடு கிழிந்து தையல் போட வேண்டி வந்தது. அம்மா என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். படியில் விழுந்துவிட்டாள் என்று அம்மா சொன்னார். அவர் சீட்டு வாங்கப் போன நேரத்தில் டாக்டரிடம் நான் சொல்லிவிட்டேன், அப்பா அடித்தார் என்று. அவர் எதுவும் கேட்காமல் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மருத்துவமனைகளில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். பிறகு என்னைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்த ஏ.ஆர். காப்பிக்கு. காயம் பட்டால் பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள். படம் எடுத்தால் போனில் மட்டும் வைக்காமல் உங்களுக்கு மட்டும் தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். தேதி போட்டுக் குறித்து வையுங்கள், நான் கணக்குப்பதிவியல் நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன், யாரும் அந்த நோட்டைத் திறக்கமாட்டார்கள் என்று தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்து 2023 ஜனவரியில் பள்ளி திறந்தபோது வகுப்பு டீச்சர் என் உதட்டைப் பார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். "குடிப்பாரா" என்று கேட்கவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்லவே முடியவில்லை, விக்கி விக்கி அழுதேன். அவர்தான் 1098-ஐ அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார். நீயே பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். காசு ஆகாது, எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பெயர், வயது, இப்போது எங்கே இருக்கிறாய், இன்றைக்கு வீட்டுக்குப் போக பயமா என்று கேட்டார்கள். மாலைக்குள் ஒரு அக்கா வந்துவிட்டார். பிள்ளை தானே நேரடியாகக் குழுவின் முன் போய் நிற்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும், கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன்னால் ஆஜராகலாம். இது தெரிந்திருந்தால் செப்டம்பரில் பெண்கள் விடுதிக்குப் போன அதே பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்கு நேராகப் போயிருப்பேன். கூடுதலாகப் பதினெட்டு ரூபாய் டிக்கெட், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீதிமன்றம் மாதிரி இருக்கும், கூண்டில் ஏறி நிற்க வேண்டும் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு போனேன். அரசு இல்லத்தின் வளாகத்துக்குள் ஒரு சாதாரண அறை. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் பச்சை பீரோ, மேலே ஒரு மின்விசிறி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் என்பது சட்டம், அன்று மூன்று பேர் இருந்தார்கள். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கு இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. தலைவராக இருந்த மேடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" பிறகு அவர் என் கண்ணைப் பார்த்து, "நீ என்ன வேணும்னு நினைக்கிற?" என்றார். பதினேழு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான் தயாராக இல்லை. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். படிக்க வேண்டும் என்று சொல்ல மறந்தேன், சித்தி வீடு இருக்கிறது என்று சொல்ல மறந்தேன், தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. அன்றே சொல்லியிருந்தால் அவனையும் சேர்த்து விசாரித்திருப்பார்கள். ஆகவே போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எங்கே இருக்க விரும்புகிறேன், படிப்பு என்ன ஆக வேண்டும், வீட்டில் இன்னும் யாருக்கு ஆபத்து.

அன்று இரவு இல்லத்தில் விட்டார்கள். இல்லம் சொர்க்கம் என்று சொன்னால் பொய். காலை ஐந்தரைக்கு மணி. போனை வாங்கி வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை பேசலாம், அதுவும் கண்காணிப்பாளர் அறையில். எனக்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு தட்டு. என்னைவிடக் கொடுமையை அனுபவித்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ராத்திரியில் யாராவது ஒருத்தி தூக்கத்தில் அலறுவாள். சுதந்திரத்துக்கு ஆசைப்பட்டு இங்கே வந்து அடைபட்டுவிட்டேனே என்று முதல் பத்து நாள் வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, சாப்பாட்டுத் தட்டைக் கை தவறிக் கீழே போட்டேன். பெரிய சத்தம். நான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டேன். யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு சின்னப் பெண் துடைப்பம் எடுத்து வந்து சோற்றைக் கூட்டினாள், சமையல் அக்கா வேறு தட்டில் போட்டுக் கொடுத்தார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். வீட்டுக்குப் போகலாமா என்ற நினைப்பு அதற்குப் பிறகு வரவில்லை.

முதலில் ஆஜரானதிலிருந்து பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை முடிய வேண்டும், நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை போட வேண்டும் என்பது சட்டம். விசாரணைக்கு வீட்டுக்குப் போன அலுவலருக்கு அப்பா காபி கொடுத்து, என் பழைய பரிசுக் கோப்பைகளைக் காட்டி, கண் கலங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் தங்கமான மனுஷன் என்றிருக்கிறார்கள். அறிக்கையில், ஆலோசனை வழங்கிப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம் என்று வந்துவிட்டது. அதைக் கேட்ட அன்று எனக்கு வாந்தி வந்தது. இல்லத்தில் இருந்த ஆலோசகர்தான், உனக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார் தெரியுமா என்றார். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். அந்த வளாகத்துக்கு எதிரேதான் நான் ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்துப் பத்திரம் வாங்கினேன். வந்த வக்கீல் அக்கா ஏ.ஆர். காப்பி, வகுப்பு டீச்சரின் கடிதம், பள்ளி வருகைப் பதிவேட்டில் நான் வராத மூன்று வாரம், என் நோட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். அப்பா எழுதிக்கொடுத்த "இனி அடிக்கமாட்டேன்" கடிதத்தின் நகலையும் நிலையத்திலிருந்து வாங்கினார். இனி என்றால், இதுவரை அடித்தார் என்று அவரே ஒப்புக்கொண்டது ஆயிற்றே என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்பா மீது வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டார்கள். பொறுப்பில் இருப்பவரே பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. எனக்கு மனம் வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்றும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. தம்பியும் அம்மாவும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது ஒன்றே அப்போது கண்ணில் நின்றது. அப்பாவிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்றும் வக்கீல் சொன்னார், அதையும் வேண்டாம் என்றேன். இதில் மட்டும் என்னைப் பார்த்து நடக்காதீர்கள். அது நமக்குச் சேர வேண்டிய பணம், பிச்சை கிடையாது.

2023 மே முதல் வாரத்தில் ஆணை வந்தது. சித்தியைத் தகுதியான நபர் என்று ஏற்று, பதினெட்டு முடியும்வரை அவர் பராமரிப்பில் விட்டார்கள். சித்தப்பா அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். ஆணையின் நகலை மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை லாரியில் வைத்துக்கொண்டார். செப்டம்பரில் நான் இருந்த அதே வீடு, அதே அறை. அப்போது கடத்தல், இப்போது சட்டம். நடுவில் அந்த ஒரு தாள். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்றைக் கேட்க மறந்தேன். இல்லத்திலிருந்து பதினெட்டு வயதில் வெளியே வருகிறவர்களுக்குப் பின்பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் நான்காயிரம் ரூபாய். நவம்பரில் பதினெட்டு முடிந்ததும் கேட்டேன். அன்றைய தேதியில் நீ இல்லத்தில் இல்லையே, ஆகவே கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். சித்தி வீட்டை விட்டுவிட்டு இல்லத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறவினரோடு அனுப்பும் ஆணையில் கையெழுத்திடும் முன், எனக்கு நிதி ஆதரவுத் திட்டம் உண்டா, பதினெட்டுக்குப் பிறகு என்ன என்ற இரண்டு கேள்வியை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் பொதுத்தேர்வை இல்லத்திலிருந்து ஒரு காவலர் அக்கா துணையோடு போய் எழுதினேன். கணக்குப்பதிவியலில் போய்விட்டது. ஜூன் துணைத் தேர்வில் தேறினேன், அதற்குள் அரசுக் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசல் வீட்டு பீரோவில் இருந்தது, அப்பா தரமாட்டேன் என்றார். நகல் சான்றிதழுக்குப் பள்ளிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்தே இரண்டு மாதம் ஓடியது. ஒரு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றேன், காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை. 2024-ல்தான் கல்லூரியில் சேர்ந்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது. பணக் கணக்குப் பார்த்தால் பத்திரம் 6,500, விடுதி 3,000, மிச்சம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும். தோடு மூழ்கிவிட்டது, வட்டி கட்ட வழியில்லை. பாட்டி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. என் காதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டை விட்டுப் போகப் போகிறோம் என்று தெரிந்தால் ஒரு மாதம் முன்பே சான்றிதழ் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஆதார் எண், சாதிச் சான்றிதழ் எண், தேர்வுப் பதிவெண், இவற்றை ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் கொடுத்து வைத்தாலும் போதும், எண் இருந்தால் நகல் எடுத்துவிடலாம். பள்ளி உதவித்தொகைக்காக அப்பா காப்பாளராக இருந்து திறந்த வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள், அவரால் எடுக்க முடியும். என்னுடைய 2,800 ரூபாய் அப்படிப் போனது. பத்து வயதுக்கு மேல் தன் பெயரில் தானே கையாளும் சேமிப்புக் கணக்கு திறக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எல்லாக் கிளையிலும் உடனே ஒத்துக்கொள்ளமாட்டார்கள், மேலாளரைப் பார்த்துக் கேளுங்கள்.

போன மாதம் தம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். முன்பைவிட உயரமாகியிருந்தான், மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தான். நடுவே, இரண்டு அட்டைக்குள் வைத்து, ஓரம்கூட மடங்காமல் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அசல். பீரோ சாவி எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆனது என்றான். நகல் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துக் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. அவன் முழங்கையைப் பார்த்தேன், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். நோட்டைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 1000 + 98 என்று எழுதினேன். கீழே விடை எழுதாமல் கொடுத்தேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியும்க்கா, மனசுல இருக்கு" என்றான்.